பாசிக்குடாக் கரையில் இரு காலங்கள்

நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டையும், மருத நிலத்துக்கு வைகறை விடியலையும் சிறுபொழுதாக வகுத்தது தொல்காப்பியம். எற்பாடு என்பது ஞாயிறு சாயும் பொழுது என்று உரைகாரர் பொருள் கொள்வர். பகல் முடியும் வேளையிற் கடற்கரையில் இரங்கலும், பொழுது புலரும் வேளையில் வயலூரில் ஊடலும் நிகழ்வது அகப்பாட்டின் மரபு.

ஆயின், மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாலுள்ள பாசிக்குடாக் கரையிலே ஒருநாள் முழுதும் தங்கியிருப்பவனுக்கு இப்பொழுதுகள் இடம் மாறிக் கிடப்பதுபோலத் தோன்றும். அங்கே ஞாயிறு கடலிற் பிறக்கின்றது. நண்பகல் கடந்தபின் மெல்ல மேற்கே சாய்ந்து, வாழைச்சேனை வாவிக்கும் அதற்கப்பால் விரிந்து கிடக்கும் வயல்வெளிக்கும் பின்னே மறைகின்றது. ஆகவே வைகறை கடலோடிக்கு உரிய பொழுதாகின்றது. எற்பாடு உழவனுக்கு உரிய பொழுதாகின்றது. கீழ்க்கரை எங்கணும் இதுவே நியதி எனினும், கடலும் வாவியும் வயலும் ஒன்றையொன்று அணைத்துக் கிடக்கும் இந்நாட்டில் அது மிகத் தெளிவாகக் கண்ணுக்குப் புலப்படுகின்றது.

விடியுமுன்னே அக்கரையிலுள்ள ஒரு வீட்டின் கதவு திறக்கின்றது. ஈர்க்கில் விளக்குமாற்றைக் கையிலெடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வருகின்றாள் வீட்டுக்காரி. பெருக்கத் தொடங்குமுன் அவள் தலையை நிமிர்த்தித் தென்னையைப் பார்க்கின்றாள். ஓலை எப்பக்கம் சாய்கின்றது என்பதே அவள் அறிய விரும்புவது. காற்று எத்திசையிலிருந்து வருகின்றதோ அதற்கு எதிர்ப்புறமாகக் குப்பையை ஒதுக்கவேண்டும் என்பது ஒரு காரணம். கடலுக்குப் போயிருக்கும் கணவனோ மகனோ எப்போது கரைசேர்வான் என்பதை அவ்வோலை சொல்லும் என்பது மற்றொரு காரணம். எழுதப்படாத பஞ்சாங்கம் ஒன்று ஒவ்வொரு முற்றத்திலும் அசைந்துகொண்டே நிற்கின்றது.

பாசிக்குடா மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில், கல்குடாவுக்கு அயலில் அமைந்தது. பாசி படர்ந்த குடா என்பதே அதன் பெயரின் பொருள். பிறைவடிவாக வளைந்த அக்குடாவில், கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவதில்லை. அப்பாலே பவளப்பாறைகள் வரம்பு கட்டினாற்போல நின்று பேரலைகளின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. அதனால் உட்குடா ஒரு குளத்தைப்போல அடங்கிக் கிடக்கின்றது. நீச்சலறியாத சிறுவர்களும் அஞ்சாமல் இறங்கும் கடல் அது.

இலங்கைக் கரைகளில் ஏற்றவற்றம் மிகச் சிறிது. பெருக்குக்கும் வற்றுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஐரோப்பியக் கரைகள் சிலவற்றிற்போலக் கடல் நாளுக்கு இருமுறை கண்காணாத் தூரத்துக்குப் பின்வாங்கித் திரும்பும் காட்சி இங்கே இல்லை. நாளளவிற் பெரிதும் மாறாத கடல் இது. ஆண்டளவில் முற்றும் மாறுவது. விடுமுறைக்கு வந்து இரண்டு நாள் தங்கிச் செல்பவன் அதன் ஒருமுகத்தையே கண்டு திரும்புகின்றான். அடங்கிக் கிடப்பதே அதன் இயல்பென்று எண்ணிக்கொள்கின்றான். அவன் காணாத மறுமுகம் மார்கழியிலே தெரியும்.

தமிழ் நூலோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. ஆவணியும் புரட்டாதியும் காருக்கு உரியன. ஆனால் பாசிக்குடாவிலே ஆவணி மாதத்தில் வானத்தை அண்ணாந்து பார்ப்பவன் வெண்முகிற் கீற்றையே காண்பான். நிலம் வெடித்துக் கிடக்கும். கிணற்றுநீர் அடியிற் கிடக்கும். அந்நாட்டிற் பெருமழை ஐப்பசியின் நடுவிலேதான் தொடங்கும். ஆண்டு முழுதும் பெய்யும் மழையிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களுள்ளே கொட்டித் தீர்ந்துவிடும். ஆகையால் ஊரவர் பேச்சில் ஆறு பருவங்கள் இல்லை. மாரி, கோடை என்னும் இரண்டே உள்ளன. இவ்விரண்டையும் பிரிப்பது நாட்காட்டியன்று, காற்று.

கொண்டல், வாடை, கோடை, தென்றல் என்று நாற்றிசைக் காற்றுக்கும் நான்கு பெயர்களைத் தமிழ் வைத்திருக்கின்றது. மேல்காற்றை மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்பர். தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குச் சரிவிலே தன் மழையையெல்லாம் பொழிந்துவிட்டு, மலைநாட்டைக் கடந்து, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகின்றது. அதுவே கச்சான். அது வெம்மை மிகுந்தது, இலையை வதக்குவது, உதட்டை வெடிக்கச் செய்வது. நிலத்தில் வாழ்வோர் அதனை நொந்துகொள்வர். ஆனால் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரக் கடல் அடங்குகின்றது. உழவனை வாட்டும் காற்று வலைஞனை வாழ்விக்கின்றது.

கச்சான் காலத்திற் கரைவலை வளைத்தல் கிழக்குக் கரையின் பெருங்காட்சி. தோணி ஒன்று வலையை ஏற்றிக்கொண்டு புறப்படும். வலையின் ஒருதலைக் கயிறு கரையிலே நிற்போர் கையில் இருக்கும். தோணி கடலிலே அரைவட்டமாகச் சுற்றி, வலையை இறக்கி, மறுதலைக் கயிற்றோடு வேறோரிடத்திற் கரைசேரும். பின்னர் இருபுறமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பர். இழுவைக்கு இசைந்த தாளத்தோடு அம்பா எனப்படும் பாட்டு எழும். ஒருவர் முதலடி எடுக்க மற்றையோர் தொடர்வர். வலையின் மடி கரையை அணுகும்போது காக்கைகளும் ஆலாக்களும் மேலே வட்டமிடும். சிறுவர்கள் சிதறும் மீனைப் பொறுக்க ஓடிவருவர். இழுத்தவர்க்குப் பங்கு, வலைக்குப் பங்கு, தோணிக்குப் பங்கு என்று கணக்குப் பிரியும். எஞ்சிய மீன் உப்பிட்டு வெயிலிற் காயும். அந்தக் கருவாடு இன்றைய உணவுக்கு மட்டும் உரியதன்று. கடல் அடைபடும் மாதங்களுக்கும் சேர்த்து வைக்கும் பொருள் அது. கரைகள் சிலவற்றில் இயந்திரம் கயிற்றை இழுக்கத் தொடங்கியபின் அம்பாவின் ஒலி குறைந்தது. பல தோள்கள் ஒருங்கே அசையவேண்டிய தேவை நீங்கினால் தாளத்துக்கும் வேலை இல்லையன்றோ.

கோடையின் உச்சியிலே, வைகாசி மாதத்தில், மட்டக்களப்பு நாட்டின் கண்ணகி கோயில்கள் திறக்கின்றன. பல கோயில்களில் ஆண்டுக்கு ஒருமுறையே கதவு திறக்கும். சில நாட்கள் சடங்கு நடந்து, கண்ணகி வழக்குரை படிக்கப்பட்டு, நிறைவிலே குளிர்த்தி நடைபெறும். மதுரையை எரித்த சினத்தோடு வந்த அன்னையைக் குளிர்விப்பது அச்சடங்கின் பொருள். அதே வேளையில் வெந்து கிடக்கும் மண்ணும் குளிரவேண்டும், வெக்கை நோய்கள் நீங்கவேண்டும் என்ற வேண்டுதலும் அதனுள் அடங்கியிருக்கின்றது. முன்னாளிற் பல ஊர்களில் கொம்புமுறி விளையாட்டும் நடந்தது. ஊரவர் வடசேரி, தென்சேரி என இருபகுதியாகப் பிரிவர். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். கவடுள்ள இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, ஒன்று முறியும்வரை இருபகுதியாரும் இழுப்பர். ஒருவரையொருவர் எள்ளிப் பாடுவர். முறிந்தபின் பகை இல்லை. மழை வேண்டி ஊரையே இரண்டாகப் பிரித்து, பின் ஒன்றாக்கும் விளையாட்டு அது. அதன் பொருத்தம் மாரியிலே விளங்கும்.

ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு நாடெங்குமிருந்து மக்கள் திரள்கின்றனர். அதன்பின் கச்சானின் வேகம் மெல்லத் தளரும். புரட்டாதி முடிவிற் சில நாட்கள் காற்றே இல்லாமற் கடல் எண்ணெய் பூசினாற்போலக் கிடக்கும். பிற்பகலில் மேற்கே காட்டின்மேல் முகில் குவியும், இடி முழங்கும், மழை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்நாட்களில் ஒருநாள் அதிகாலையிலே, வேலியோரப் பற்றைக்குள்ளிருந்து இருகுரற் சீழ்க்கையொன்று கேட்கும். ஆறுமணிக்குருவி வந்துவிட்டது என்பர் முதியோர். இமயச் சாரலிலும் வடஇந்தியாவிலும் கோடையைக் கழித்துவிட்டுத் தெற்கே வரும் சிறுபறவை அது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவுவதால் அப்பெயர் பெற்றது. அதன் குரல் கேட்டவுடன் உழவன் வீட்டில் விதைநெல்லைப் பற்றிய பேச்சு எழும். கடலோடி வீட்டிலோ தோணியை மேட்டுக்கு ஏற்றுவதுபற்றிய பேச்சு எழும்.

மழையை நம்பிய மானாவாரிக் காணிகளில் நிலத்தைப் புழுதியாக உழுது, ஈரம் வருமுன்னே விதைத்துவிடுவர். காய்ந்த மண்ணுக்குள் விதையை ஒப்படைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பதைக் காட்டிலும் பெரிய நம்பிக்கை உலகில் வேறெதுவோ. மழை பிந்தினால் விதை எறும்புக்கும் பறவைக்கும் இரையாகும். மிக முந்திக் கொட்டினால் வெள்ளம் கொண்டுபோகும். வாகனேரிக் குளமும் உன்னிச்சைக் குளமும் பாய்ச்சும் வயல்களுக்கு இவ்வச்சம் சற்றுக் குறைவு. எனினும் குளம் நிறைவதும் அதே மழையினாலேயே. பயிர் முளைக்குமுன் மாட்டுப்பட்டிகள் வயற்புறத்தை விட்டு மேற்கேயுள்ள மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்லவேண்டும். விதைப்பவனுக்கும் மேய்ப்பவனுக்கும் இடையே பருவமே எல்லை வகுத்திருந்தது.

பின்னர் ஒருநாள் தென்னையோலை மறுபுறம் சாய்கின்றது. வாடை எழுந்துவிட்டது. முற்றம் பெருக்கும் பெண் அதைக் கண்டவுடன் உள்ளே திரும்பி ஒரு சொல் சொல்கின்றாள். அன்றுமுதற் கரையின் வாழ்வே வேறாகின்றது.

வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலின் நெடும்பரப்பைக் கடந்து நேரே இக்கரையில் மோதுகின்றது. பவளவரம்பின் மேலே வெண்ணுரை எழும்புகின்றது. கண்ணாடிபோற் கிடந்த குடா கலங்கிப் பழுப்பு நிறங்கொள்கின்றது. கோடையிலே பாதத்தின் கீழ் மணலை எண்ணிப் பார்க்கத்தக்க நீரில், இப்போது முழங்கால் தெரிவதில்லை. கரைவலைத் தோணிகள் தென்னைமரத்து நிழலிலே கவிழ்ந்து கிடக்கின்றன. வலை கூரைக்குக் கீழே தொங்குகின்றது. கிழிசல் பொத்தும் கைகளுக்கு இப்போதுதான் நேரம் வாய்க்கின்றது. இம்மாதங்களைக் கரையோர் வறுமைக் காலம் என்பர். கடன் வாங்கும் காலமும் இதுவே. நகை அடைவுக்குப் போகும் காலமும் இதுவே.

ஆயினும் இதே மழையில் மேற்குவெளி பச்சை போர்த்துக்கொள்கின்றது. கடல் தன் கதவை அடைக்கும் நாளில் வயல் தன் கதவைத் திறக்கின்றது. கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவர் கடலுக்குச் செல்பவர். அவருடைய உறவினர் ஒருவர் வயல் செய்பவர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இந்நாட்டில், ஒருவர் நெல்லும் மற்றவர் மீனும் சந்தையிலே கைமாறி வந்திருக்கின்றன. கடல் கொடுக்காத நாளில் வயற்கூலி கிடைக்கும். வயல் காய்ந்த நாளில் வலை இழுப்புக்கு ஆள் வேண்டும். இரண்டும் ஒரே நாளில் மலர்வதில்லை. இரண்டும் ஒரே நாளில் மூடுவதும் அரிது. இந்தப் பகிர்வின்மீதே நூற்றாண்டுகளாக வாழ்வு நின்றுவந்தது.

இப்பகிர்வு எங்கே இழுபறியாகின்றது என்பதை அறிய, பாசிக்குடாவிலிருந்து தெற்கே மட்டக்களப்பு வாவியின் வாய்க்குச் செல்லவேண்டும். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம்வரை, கரைக்குச் சமாந்தரமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது அவ்வாவி. நகருக்கு அருகே பாலமீன்மடு முகத்துவாரத்திலும், தெற்கே பெரியகல்லாற்றிலும் அது கடலைச் சந்திக்கின்றது. கோடையிலே கடலலை மணலைக் கொண்டுவந்து குவித்து அவ்வாயை அடைத்துவிடும். மாரியிலே முந்தனையாறும் வேறு பல ஓடைகளும் வெள்ளத்தைக் கொண்டுவந்து வாவியை நிறைக்கும். வெளியேற வழியில்லாத நீர் ஏறிக்கொண்டே வந்து தாழ்ந்த வயல்களை மூடும். அப்போது மணற்றிடலை வெட்டி வாவியைக் கடலோடு சேர்த்துவிடுவர். முன்னாளில் மண்வெட்டியாற் சிறு வாய்க்கால் கீறிவிட்டால் போதும். நீரே மிகுதியை அறுத்துக்கொண்டு பாயும். இந்நாளிற் பெக்கோ இயந்திரம் அதைச் செய்கின்றது.

எந்த நாளில் வெட்டுவது என்பதே கேள்வி. பயிர் நீருக்குள் அழுகுமுன் வெட்டவேண்டும் என்பான் உழவன். கடலிற் பொரித்த இறாற்குஞ்சுகள் வாவிக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்தபின் இனம் பெருக்கக் கடலுக்கு மீள்கின்றன. அவை பருவமடையுமுன் வாய் திறந்தால், அரைவளர்ச்சி இறாலெல்லாம் வெள்ளத்தோடு போய்விடும் என்பான் வாவியில் வலை வீசுபவன்.

“பயிரெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கு மச்சான். இன்னும் மூணு நாள் போனா வைக்கோலும் மிஞ்சாது.”

“விளங்குது மச்சான். ஆனா இண்டைக்கு வெட்டினா, தை மாசம் என்ர வலைக்குள்ள என்ன கிடக்கும்?”

இவ்வுரையாடல் ஒரே குடும்பத்தின் திண்ணையிலே, ஒரே தேநீர்க் கோப்பையைச் சுற்றி நடக்கக்கூடியது. இருவரும் உண்மையே சொல்கின்றனர். மழையளவும், வாவியின் நீர்மட்டமும், பயிரின் வயதும், இறாலின் பருவமும் ஒருங்கே நோக்கப்பட்டு, உழவரும் வலைஞரும் அதிகாரிகளும் கூடிப் பேசி முடிவுசெய்யவேண்டிய காரியம் இது. கொம்பு முறிந்தபின் வடசேரியும் தென்சேரியும் ஒன்றாகின்றன. முகத்துவாரம் திறந்தபின் இரு மச்சான்மாரும் அதே ஊரில் வாழவேண்டும். முந்தியும் பிந்தியும் ஆகாமல், இருவரும் சிறிது இழந்து இருவரும் வாழும் நாளைக் கண்டுபிடிப்பதே இந்நாட்டின் பழைய கலை.

தை பிறக்கும்போது வாடை தளர்கின்றது. மழை விட்டுவிட்டுப் பெய்கின்றது. வட்டைகளிற் கதிர் பழுக்கத் தொடங்குகின்றது. காவற்பரணில் இராக்காவல் இருப்பவன் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி விழித்திருக்கின்றான். அறுவடை முடிந்து களவெட்டியிலே சூடடிக்கும் நாளில் நெல்லை நெல்லென்று சொல்லாமல் பொலி என்று மங்கலமாகச் சொல்வது மட்டக்களப்பு உழவர் வழக்கு. மாசி, பங்குனியிற் குடா மீண்டும் தெளிகின்றது. கவிழ்ந்து கிடந்த தோணிகள் நிமிர்கின்றன. ஒரு வட்டம் முடிகின்றது.

இவ்வட்டம் எக்காலமும் பிழையாமற் சுழன்றது என்று சொல்லுதல் உண்மையாகாது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு பெருஞ்சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கிற்று. எண்ணற்ற தென்னைகள் ஓரிரவிலே சாய்ந்தன. பல நூறு உயிர்கள் மாண்டன. காற்றைக் காட்டி நின்ற மரங்களே காற்றுக்கு இரையாயின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். அன்று காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் பேரலை கீழ்க்கரை முழுவதையும் வாரிற்று. கச்சானும் வாடையும் அதனை அறிவிக்கவில்லை. ஓலை சாய்வதைப் பார்த்துப் பொழுதறியும் அறிவு அன்று உதவவில்லை. பழைய அறிவுக்கும் எல்லை உண்டு என்பதையும், அதனோடு புதிய எச்சரிக்கைக் கருவிகளும் வேண்டும் என்பதையும் அக்கரை பெருவிலை கொடுத்துக் கற்றது.

2011ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த துயரம் வேறுவகையானது. வாடை தளரவேண்டிய நாட்களிற் பெருமழை கொட்டிற்று. அறுவடையை எதிர்நோக்கி நின்ற நெல் வெள்ளத்துள் மூழ்கிற்று. கடலும் அடைபட்டிருந்தது, வயலும் போயிற்று. இரண்டும் ஒரே நாளில் மூடா என்ற பழைய நம்பிக்கை அவ்வாண்டு பொய்த்தது. புவி வெப்பமடைவதாற் பருவமழையின் போக்குத் தடுமாறுகின்றது என்று அறிவியலாளர் கூறுகின்றனர். அத்தடுமாற்றம் நகரத்தார்க்குச் செய்தி. விதைநெல்லைப் புழுதியில் ஒப்படைத்தவனுக்கு அது ஓராண்டின் சோறு.

கடலினுள்ளும் அவ்வெப்பம் வேலை செய்கின்றது. பவளம் என்பது கல்லன்று. சிற்றுயிர்கள் கூடிக் கட்டும் வீடு. அவ்வுயிர்களின் உடலினுள்ளே நுண்ணிய பாசி வாழ்ந்து, வெயிலிலிருந்து உணவு சமைத்து ஊட்டுகின்றது. கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினாற் பவளம் தன் பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும். சூடு நீடித்தால் மடியும். 1998ஆம் ஆண்டில் இந்துமாகடலின் பல பகுதிகளில் இது நிகழ்ந்தது. இலங்கைக் கரைகளும் தப்பவில்லை. பாசியாற் பெயர்பெற்ற குடா, கண்ணுக்குத் தெரியாத பாசியொன்றினாலேயே காக்கப்படுகின்றது என்பது எண்ணத்தக்கது. பவளவரம்பு நலிந்தால் குடா தன் அமைதியை இழக்கும். பாசிக்குடாவுக்கு வடக்கேயுள்ள காயங்கேணிக் கடற்பகுதி 2019இற் கடற்சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது இவ்வகையில் நல்ல செய்தி.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் பாசிக்குடாவிற் பெரிய உல்லாச விடுதிகள் எழுந்தன. கரையோர இளைஞர் சிலர் அவற்றிலே தொழில் பெற்றனர். விடுதிக்கும் ஒரு பருவம் உண்டு. சித்திரை முதற் புரட்டாதிவரை அறைகள் நிறையும். வாடை எழுந்தபின் வெறிச்சோடும். பழைய வலைஞனின் கோடைதான் புதிய விடுதியின் கோடையும். விருந்தினர் விரும்பும் தெளிந்த நீரும், கரைவலைக்கு வேண்டிய அடங்கிய கடலும் ஒன்றே. ஆதலின் வாவியின் வாயிலே உழவனும் வலைஞனும் கற்ற பாடத்தை, குடாவின் கரையிலே வலைஞனும் விடுதியும் கற்கவேண்டியிருக்கின்றது. தோணி ஏற்றுவதற்கு ஒரு துண்டு மணல், வலை உலர்த்துவதற்கு ஒரு துண்டு வெளி, இவை இல்லாமற் போனால் அக்கரை அழகிய படமாக எஞ்சும், ஊராக எஞ்சாது.

மட்டக்களப்பின் புகழுக்குக் காரணமான ஓர் ஒலியைச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் இயலாது. கோடைகாலத்து நிலவிரவுகளில், கல்லடிப் பாலத்தின் அயலிலே வாவி நீரினடியிலிருந்து மெல்லிய இசையொன்று எழும் என்பர். 1848இல் அங்கு வந்த சேர் எமர்சன் ரெனன்ற் தாம் அதனைக் கேட்டதாகத் தமது நூலில் எழுதினார். ஊரவர் சிலர் அது ஊரி என்னும் சிப்பியுயிரின் ஒலி என்றனர். பாடும் மீன் என்ற பெயரே நிலைத்தது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் அவ்விசையை நீரரமகளிர் இசையாகக் கண்டு, 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே இடந்தந்தார். பின்னர் 1950களில் லாங் என்னும் யேசுசபைக் குருவானவர் அதனைப் பதிவு செய்தார். அப்பதிவு இலங்கை வானொலியிலும் ஒலித்தது. பாடுவது எவ்வுயிர் என்பது இன்றும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை.

அதனைக் கேட்கும் முறை எளியது. தோணியை வாவி நடுவே நிறுத்தவேண்டும். துடுப்பின் ஒரு முனையை நீருள் இறக்கி, மறுமுனையைக் காதோடு வைக்கவேண்டும். கச்சான் தணிந்திருக்கவேண்டும். தோணியிலிருப்போர் பேசாதிருக்கவேண்டும். மாரியிலே, நீர் கலங்கி ஓடும்போது, அது கேட்பதில்லை. போர்க்காலத்தில் இரவிலே வாவியிற் செல்வது எளிதாயிருக்கவில்லை. பாடலைக் கேட்டவர்களும் அருகினர். இப்போது பாலத்தின்மேல் ஊர்திகளின் இரைச்சல் நள்ளிரவிலும் ஓய்வதில்லை. பாடல் நின்றுவிட்டது என்பார் சிலர். நிற்கவில்லை, கேட்பார்தாம் குறைந்தனர் என்பார் முதிய தோணிக்காரர்.

பருவத்தின் இயல்பும் அத்தகையதே. அது உரக்கப் பேசுவதில்லை. ஓலையின் சாய்விலும், குருவியின் சீழ்க்கையிலும், குடாநீரின் நிறத்திலும், வாவியின் மட்டத்திலும் தன் வருகையை மெல்லச் சொல்கின்றது. அது தடுமாறும் இந்நாளில் அதனை உற்றுக் கேட்கவேண்டிய கடமை பெருகியிருக்கின்றதேயன்றிக் குறையவில்லை. வானிலை நிலையத்தின் அறிவிப்பும் வேண்டும். திண்ணையிலிருக்கும் மூத்தவரின் சொல்லும் வேண்டும்.

நாளை விடியுமுன்னும் பாசிக்குடாவில் ஒரு கதவு திறக்கும். ஈர்க்கில் விளக்குமாற்றோடு ஒருத்தி முற்றத்துக்கு வருவாள். பெருக்கத் தொடங்குமுன் தலையை நிமிர்த்தித் தென்னையைப் பார்ப்பாள்.